தனுஷ்கோடிக்குப் போகும் இருவர்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் தங்கிவிட்டு, முதுகுப்பையோடு தெற்கே இறங்கும் வெளிநாட்டு இணையர் இருவர் ராமேசுவரம் தீவின் கடைசி முனையான தனுஷ்கோடிவரை போகிறார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி முக்கியத் துறைமுகமாக இருந்தது. சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலில் கொழும்பு சென்றார்கள். ரயில் நிலையமும் தபால் நிலையமும் பள்ளியும் தேவாலயமும் கொண்ட அந்த ஊரை 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் அலை விழுங்கியது. அதில் இருந்தவர்கள் எவரும் பிழைக்கவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. கடலுக்குச் சில அடி தூரத்தில் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கின்றன. முன்பு வேனில் மணலைக் கடந்த பயணம், 2017இல் அரிச்சல்முனைவரை சாலை வந்ததும் எளிதாகிவிட்டது. கூட்டம் பெருகியது; பலர் வண்டியை விட்டு இறங்கிப் படமெடுத்ததும் திரும்பிவிடுகிறார்கள். இத்தனை உயிர்களைப் பறிகொடுத்த ஊருக்கு அது நியாயமே அல்ல. ஊரை நடந்து பார்க்கும் அந்த வெளிநாட்டு இணையர் செய்வதே சரி. உப்புக்காற்றில் உதிரும் தேவாலயச் சுவர்களில் ஏறாதீர்கள். குப்பையைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள்.