சிங்கப்பூர் கேட்டது, டெல்லி ஏன் கேட்கவில்லை?

2024 அக்டோபர் 11. மாலையில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமடித்தது. உள்ளே 140க்கும் மேற்பட்டோர். சாதி மதம் பாராமல் தமிழகமே கையேந்தி நின்றது. அல்ஹம்துலில்லாஹ், விமானம் பத்திரமாக இறங்கியது.

அன்று ஒரு விமானத்துக்காகத் துடித்தோம். அந்த வழித்தடமே நாளை இருக்குமா என்று எத்தனை பேர் யோசித்தோம்?

சேலம், நாமக்கல் மக்களுக்குத் திருச்சிதான் கைக்கெட்டிய பன்னாட்டு விமான நிலையம். அஸ்தம்பட்டியில் வண்டி ஏறினால் சுமார் 140 கிலோமீட்டர். பெங்களூரு விமான நிலையம் 200 கிலோமீட்டருக்கும் மேல்; சென்னை அதைவிடத் தூரம். நமது காமலாபுரம் விமான நிலையத்தில் இருப்பது உள்நாட்டு விமானம் மட்டுமே. அந்த உள்நாட்டு விமானத்துக்கே நாம் பட்ட பாடு கொஞ்சமா? 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018இல் ட்ரூஜெட் வந்தது, 2021இல் அதுவும் நின்றது. மீண்டும் விமானம் வர 2023 அக்டோபர் வரை காத்திருந்தோம். ஒரு கம்பெனி கைவிட்டால் ஒரு ஊரின் வானமே அடைபட்டுப் போகும் என்பதைச் சேலத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இப்போது நடந்திருப்பது அதைவிடப் பெரிது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்தின் கைக்குப் போனது. 2024 அக்டோபர் 1 அன்று, ஏர் ஏசியா இந்தியா என்ற பெயரில் ஓடிய நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கலந்தது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவில் கலந்தது. அதன் மூலம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்குதாரர் ஆனது. நான்கு நிறுவனங்கள் இரண்டாகிவிட்டன.

இணைப்பு என்றாலே இழப்பு என்று நாம் சொல்லவில்லை. 2017இல் டைகர் ஏர் ஸ்கூட்டில் கலந்தபோது திருச்சி - சிங்கப்பூர் சேவை நிற்கவில்லை. ஆனால் வியாபாரிகளே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடைவீதியில் எதிரெதிரே இரண்டு கடை இருந்தால் விலை ஒரு கட்டுக்குள் நிற்கும். இருவரும் கூட்டாளிகளாகிவிட்டால்? திருச்சி - சிங்கப்பூர் வழித்தடத்தில் நிலைமை அதுதான். ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை. எக்ஸ்பிரஸ் ஏர் இந்தியாவின் பிள்ளை. நேற்றுவரை போட்டியாளர்கள், இன்று சம்பந்திகள்!

இந்த ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னது யார்? சிங்கப்பூர் அரசின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம். டெல்லி, மும்பை, சென்னை, திருச்சி ஆகிய நான்கு ஊர்களுக்கான வழித்தடங்களில் போட்டி குறையும் என்று அது கவலை தெரிவித்தது. கொரோனாவுக்கு முன் இருந்த அளவுக்குக் குறையாமல் இருக்கைகளை வைத்திருப்போம் என்று நிறுவனங்களிடம் உறுதிமொழி வாங்கியது. அதைக் கண்காணிக்கத் தனித் தணிக்கையாளர் வேண்டும் என்றது. அதன் பிறகே, 2024 மார்ச்சில் நிபந்தனையோடு அனுமதி தந்தது. மூன்று பெருநகரங்களோடு நமது திருச்சியின் பெயரும் அந்த உத்தரவில் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையமும் 2023 செப்டம்பரில் உறுதிமொழிகளைப் பெற்றே அனுமதித்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் திருச்சியின் வளைகுடா விமானங்களுக்கு யார் காவல்?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. இளைஞர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூர், வியட்நாம், இலங்கை விமானங்கள் திருச்சிக்கு வருகின்றன. எமிரேட்ஸ் ஏன் வருவதில்லை? தென்கிழக்காசிய நாடுகளின் விமானங்கள் தினமும் வந்து போக இந்தியா 18 சுற்றுலா நகரங்களைத் திறந்துவிட்டிருக்கிறது; அந்தப் பட்டியலில் திருச்சி உண்டு. வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் அப்படி இல்லை. துபாயுடன் வாரத்துக்கு ஒவ்வொரு தரப்புக்கும் சுமார் 66,000 இருக்கைகள் என்ற கணக்கு உண்டு. எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்ற பட்டியலும் உண்டு. எமிரேட்ஸ் இந்தியாவில் ஒன்பது நகரங்களுக்குப் பறக்கிறது; தமிழகத்தில் அதற்குச் சென்னை மட்டும்தான்.

ஆக, திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் பறப்பது இந்திய நிறுவனங்களின் விருப்பத்தில் தொங்குகிறது. பல ஆண்டுகள் அந்தப் பாரத்தைச் சுமந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 2024 ஆகஸ்டில் அபுதாபிக்கு இண்டிகோவும் வந்தது. இந்திய நிறுவனத்துக்குக் கிடைக்கும் இருக்கை உரிமை நாட்டுக்கானது. திருச்சிக்கென்று எழுதி வைத்ததல்ல. லாபம் கூடுதலாகத் தெரிந்தால் அதே விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். தடுக்கவும் ஆளில்லை, ஈடுகட்ட அந்நிய விமானமும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு ஒரே ஆளிடம் சாவியைக் கொடுத்த கதை இது.

இது டிக்கெட் விலைப் பிரச்சினை மட்டும்தானா? துபாயில் வேலை செய்யும் மகனுக்கு இரவில் போன் வருகிறது, “வாப்பா மவுத்தாகிவிட்டார்” என்று. திருச்சிக்கு நேரடி விமானம் நான்கு மணி நேரம். அங்கிருந்து சேலத்துக்கு மூன்று மணி நேரம். ஜனாஸாவுக்கு வந்து சேர்ந்துவிடலாம். நேரடி விமானம் இல்லையென்றால் அவன் வேறு ஊர் வழியாகச் சுற்றி வந்து சேர்வது கபுரடிக்குத்தான். நமது மஹல்லாவில் இப்படி வந்து மண்ணைத் தொட்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்கள் கூட்டமாக விடுப்பு எடுத்தபோது ஏராளமான விமானங்கள் ரத்தாயின. இணைப்பை ஒட்டிய பணிக் குறைகளே அதற்குக் காரணம். விசா தேதி முடியும் தறுவாயில் இருந்த கூலித் தொழிலாளர்கள் விமான நிலைய வாசலில் தவித்தார்கள். ஊழியர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டியதுதான்; ஆனால் ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் ஊருக்கு அதன் வீட்டுச் சண்டையும் சொந்தச் சண்டையாகிவிடுகிறது.

திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் புதிய முனையம் கட்டினார்கள். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்து வைத்தார். மாளிகை கட்டியாயிற்று, விருந்தாளிக்கு அனுமதி இல்லை என்றால் என்ன நியாயம்?

கேரளத்தைப் பாருங்கள். 2015இல் ஓடுபாதைப் பணியைக் காரணம் காட்டிக் கரிப்பூரில் பெரிய விமானங்களை நிறுத்தினார்கள். ஹஜ் புறப்பாடும் கொச்சிக்குப் போனது. மலபார் மக்கள் கட்சி பார்க்காமல் விடாது குரல் கொடுத்தார்கள். 2019இல் ஹஜ் புறப்பாடு திரும்பி வந்தது. 2025 அக்டோபரில் குளிர்கால அட்டவணையில் வளைகுடா விமானங்கள் குறைக்கப்பட்டபோதும் அங்கே உடனே எதிர்ப்பு எழுந்தது. நமக்கும் அனுபவம் உண்டு. 2022இல் சென்னையிலிருந்து பறிபோன ஹஜ் புறப்பாட்டை, கேட்டுக் கேட்டுத்தான் 2023இல் மீட்டோம். கேட்டவனுக்குக் கிடைக்கிறது, உறங்கியவனுக்கு இல்லை.

நாம் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் திருச்சியைச் சேர்க்கக் கோரி, சேலம், நாமக்கல், திருச்சி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும். இது முஸ்லிம்களின் கோரிக்கை மட்டுமல்ல. வெள்ளி வியாபாரியும், ஜவ்வரிசி ஆலைக்காரரும், முட்டைப் பண்ணைக்காரரும் நம்மோடு நிற்க வேண்டிய கோரிக்கை.

இரண்டு, இளைஞர்கள் ஒரு நோட்டு போடுங்கள். எந்த ஊருக்கு, எந்தக் கிழமை, எத்தனை விமானம், எது எப்போது ரத்தானது, கட்டணம் எவ்வளவு என்று மாதந்தோறும் குறித்து வையுங்கள். ஆணையத்தின் முன் கண்ணீர் நிற்காது, கணக்கு நிற்கும்.

மூன்று, நம்மையே திருத்திக்கொள்ள வேண்டும். ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று பெங்களூருக்கு ஓடிவிட்டு, திருச்சியில் விமானம் குறைகிறதே என்று புலம்புவதில் பொருளில்லை. முடிந்தவரை திருச்சியிலேயே ஏறுங்கள், திருச்சியிலேயே இறங்குங்கள்.

எந்த நிறுவனத்தோடும் நமக்குப் பகையில்லை. அவர்கள் லாபம் பார்க்கட்டும், அது வியாபாரம். ஆனால் மக்களின் வழியைக் காப்பது அரசின் கடமை. அயல்நாட்டு ஆணையத்துக்குத் தெரிந்த திருச்சியின் அருமை, நம்மை ஆளுவோருக்குத் தெரியாமல் போகலாமா? தெரிய வைப்போம், இன்ஷா அல்லாஹ்.