சர்வர் சாகவில்லை, காது கேட்கவில்லை

கேமரன் மலையில் பிற்பகல் மழைக்குச் சொல்லவா வேண்டும்? போன பருவத்தில் ஒருநாள் இடியோடு மின்சாரமும் போனது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. மறுநாள் காலை எங்கள் அறிவியல் கூடத்தில் கூச்சல்: “சார், சர்வர் செத்துப் போச்சு!”

பெரிய சாமான் ஒன்றும் இல்லை. இரண்டு பழைய கணினிகள்தாம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுப் பக்கம் அளந்து வரும் மழையளவையும் வெப்பநிலையையும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் பதிகிறோம். முதல் கணினியில் பதிவதை இரண்டாவது கணினி உடனுக்குடன் நகலெடுக்கும். ஒன்று போனாலும் மற்றொன்றில் தரவு இருக்கும். இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கணினிகளைக் ‘கிளஸ்டர்’ என்பார்கள். எங்களுடையது ஏழை வீட்டுக் கிளஸ்டர்.

நான் வருவதற்குள் மூன்று முறை அணைத்துப் போட்டாயிற்று. ஒரு மாணவர் மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றத் தயாராக இருந்தார். நல்ல வேளை, அழிக்கவில்லை. அந்தக் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்து தரவுத்தளத்தைக் கேட்கச் சொன்னேன். முந்தின நாள் மதியம் வரைக்குமான பதிவுகள் வரிசையாக வந்தன. அது சாகவில்லை. வகுப்பிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அதன் காதில் விழவில்லை.

மாணவர்களே, ஒரு நிரல் ஓடுவது வேறு. வெளியிலிருந்து வரும் அழைப்பை அது கேட்பது வேறு. கேட்பதற்கு ஓர் ஐபி முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் வேண்டும். போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட் 5432. முகவரியை வீடு என்று வைத்துக்கொண்டால், போர்ட் எண் அந்த வீட்டின் எந்தக் கதவு என்பதைச் சொல்லும்.

எங்கள் கணினியின் முகவரி 192.168.1.20. அதைத் தட்டினோம், பதிலே இல்லை. அந்தக் கணினியின் திரையில் பார்த்தால் 192.168.1.23 என்று இருந்தது. மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் பழைய கணக்கை மறந்து புது எண்ணைக் கொடுத்துவிட்டது. சரி என்று புது எண்ணைத் தட்டினோம். இம்முறை உடனே பதில் வந்தது: ‘இணைப்பு மறுக்கப்பட்டது’. பிள்ளைகள் முகம் வாடியது. எனக்கோ மகிழ்ச்சி! பதிலே வராவிட்டால் அந்த முகவரியில் யாரும் இல்லாமல் இருக்கலாம், அல்லது வழியில் ஏதோ தடுக்கலாம். உடனே மறுப்பு வந்தால், பெரும்பாலும் கணினி இருக்கிறது, அந்தக் கதவில்தான் யாரும் கேட்கவில்லை என்று பொருள். இரண்டும் தோல்விதான். ஆனால் இரண்டும் ஒரே செய்தி அல்ல.

மீதியைப் பதிவேட்டுக் கோப்பு சொன்னது. நாங்கள் எழுதி வைத்த அமைப்பின்படி, தரவுத்தளம் தன் கணினிக்குள்ளும் 20-ஆம் எண்ணிலும் கேட்க வேண்டும். 20 இப்போது அதனுடையது இல்லை. ஆகவே ஓர் எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு, தனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டு ஓடியது. நூறு முறை அணைத்துப் போட்டாலும் அதையேதான் செய்திருக்கும். இரண்டாவது கணினியும் பழைய 20-ஐத் தேடிக்கொண்டு நின்றது. இரண்டு கணினிகள் இருந்து என்ன பயன்? இரண்டுமே ஓர் எண்ணை நம்பியிருந்தன.

“நட்சத்திரக் குறி போட்டால் எல்லா முகவரியிலும் கேட்கும், சார்” என்றார் ஒருவர். உண்மைதான், உடனே வேலை செய்திருக்கும். நான் ஒப்பவில்லை. 2017 ஜனவரியில் மோங்கோடிபி என்ற தரவுத்தளத்துக்கு நேர்ந்ததைச் சொன்னேன். கடவுச்சொல் இல்லாமல், இணையம் முழுவதற்கும் காதைத் திறந்து வைத்திருந்த பல்லாயிரம் தரவுத்தளங்களைத் திருடர்கள் துடைத்துவிட்டு, பிட்காயின் கொடு என்று சீட்டு எழுதி வைத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து, நாமாக மாற்றாதவரை மோங்கோடிபி தன் கணினிக்குள் மட்டுமே கேட்கிறது. நட்சத்திரக் குறி பாவமில்லை. தக்க காவலோடு பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். காரணம் தெரியுமுன் அதைப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ரவுட்டரில் 20-ஐ அந்தக் கணினிக்கே ஒதுக்கினோம். இரண்டு நிமிட வேலை.

பெரிய நிறுவனங்களில் ஓடும் ஆரக்கிள் தரவுத்தளத்தில் கேட்பதற்கென்றே ‘லிஸனர்’ என்று தனி நிரல் உண்டு. வழக்கமான போர்ட் 1521. தோட்ட ஆபீஸ் ஜன்னலில் உட்காரும் கிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவரை உரிய மேசைக்கு அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. ஜன்னல் மூடினாலும் உள்ளே போனவர் வேலை நடக்கும். புதிதாக வருபவர்தான் தவிப்பார். ‘எனக்கு நன்றாக ஓடுகிறதே’ என்று ஒருவரும் ‘நுழையவே முடியவில்லை’ என்று இன்னொருவரும் சொன்னால், இருவரும் பொய் சொல்லவில்லை.

பெரட்டில் பெயர் கொடுப்பதுபோல, தரவுத்தளம் சுமார் 60 விநாடிக்கு ஒருமுறை லிஸனரிடம் தன் பெயரைப் பதியும். பிழை எண் 12541 என்றால் ஜன்னலில் ஆளே இல்லை. 12514 என்றால் ஆள் இருக்கிறார், நீங்கள் கேட்கும் பெயர் அவர் பட்டியலில் இல்லை. லிஸனரை இப்போதுதான் மீண்டும் தொடங்கியிருந்தால், ஒரு நிமிடம் காத்திருந்தாலே பெயர் வந்துவிடலாம். அந்த ஒரு நிமிடம் பொறுக்காமல் அடுத்த கோப்பைத் திருத்தப் போகிறவர் இரண்டாவது கோளாறைத் தானே உண்டாக்குகிறார். கிளஸ்டரில் ஒரு கணினி மட்டும் பெயர் பதியாவிட்டால், அதற்கு வேலையே வராது. மற்றவை சுமப்பதால் யாருக்கும் தெரியாது, இன்னொன்று விழும் வரை.

தொடக்கப்பள்ளி அறிவியலில் தற்சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தீர்களே, அதே விதிதான் இங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. படிவம் நான்கு கணினி அறிவியலில் தரவுத்தளம் ஒரு பெரிய பாடம். ஆனால் கேட்டவுடன் பதில் தரும் தரவுத்தளத்தோடுதான் உங்களைப் பழக்குகிறோம். வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துவைத்து, கண்டுபிடியுங்கள் என்று விடும் பாடவேளை வேண்டும் என்பது என் கருத்து. நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயிற்சிக் கேள்வியில் ஒரு தாளைக் குறைக்கலாம் என்பேன்.

அன்று காலை பதிய முடியாமல் போன அளவுகளைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களிலிருந்து ஏற்றிவிட்டோம். அடுத்த வாரம் போர்ட் எண்ணை மட்டும் ரகசியமாக மாற்றி வைக்கப் போகிறேன். எங்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் திட்டம் கெட்டது.