காற்று கூடினால் இழுவை கூடுமா?

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். பின்னால் வரிசையாக ஹாரன் அடிப்பார்கள். வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்று அதன் ஓட்டுநர் ஏங்குவது நியாயமே. சூப்பர்சார்ஜர் மாட்டலாமா, டர்போவைப் பெரிதாக்கலாமா, டீசலைக் கூட்டி விடலாமா என்ற கேள்விகள் அந்த ஏக்கத்தில் பிறப்பவைதான். பதில் சொல்வதற்கு முன் இன்ஜினுக்குள் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் இழுத்து இறுக்குகிறது. இறுகிச் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சியதும் தீப்பற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. கடலோரத்து ஊரில் அது சுமார் 12 கன மீட்டர் இடத்தை அடைக்கும். கரும்புகை வராமல் எரிய இதைவிடவும் கூடுதலாக வேண்டும். ஆக, டீசலை மட்டும் கூட்டினால் புகைதான் கூடும். காற்றை நெருக்கி உள்ளே தள்ளினால்தான் அதே சிலிண்டரில் கூடுதல் டீசலை ஒழுங்காக எரிக்க முடியும்.

நெருக்கித் தள்ள இரண்டு வழிகள் உண்டு. சூப்பர்சார்ஜரை பெல்ட்டோ கியரோ கொண்டு இன்ஜினே சுழற்றுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காற்று கிடைக்கும், ஆனால் அதற்கான உழைப்பை இன்ஜின் தன் சக்தியிலிருந்தே கொடுக்க வேண்டும். டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகையின் வேகமும் சூடும். சைலன்சர் வழியே வீணாய்ப் போவதைப் பிடித்து வேலை வாங்கும் இந்த முறைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இலேயே காப்புரிமை பெற்றார். 1954இல் வோல்வோ தன் லாரி இன்ஜினில் டர்போ வைத்தபோது 150 குதிரைத்திறன் 185 ஆனது. பழைய அமெரிக்க டெட்ராய்ட் டீசல் இன்ஜின்களில் சூப்பர்சார்ஜர் போலவே இன்ஜின் சுழற்றும் ப்ளோயர் இருந்ததே என்று சிலர் கேட்கலாம். அவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். எரிந்த புகையைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றை நிரப்பவே அவற்றுக்கு ப்ளோயர் தேவைப்பட்டது.

இன்று ஷோரூமிலிருந்து வரும் கனரக லாரியில் டர்போவும், அது நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஏற்கெனவே இருக்கின்றன. அதன்மேல் ஒரு சூப்பர்சார்ஜரை ஏற்றுவதால் செலவுக்கேற்ற பலன் கிடைக்காது என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் 40 டன் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற, சக்கரத்தில் சுமார் 170 குதிரைத்திறன் போதும். 40 கிலோமீட்டரில் ஏற அதைப்போல் இரு மடங்கு வேண்டும். குதிரைத்திறன் தீர்மானிப்பது ஏறும் வேகத்தை. வண்டி அசைந்து மேலேறுமா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது கியரும், பின்அச்சில் இருக்கும் கிரவுன் பினியனின் விகிதமும்தான். சமவெளியில் வேகமாக ஓடுவதற்கான கிரவுனோடு வாங்கிய வண்டி மலையில் திணறினால் குற்றம் இன்ஜினுடையது அல்ல.

கூடுதலாக எரிக்கும் டீசல் கூடுதல் சூட்டையும் தரும். மேடு ஏறும்போது அந்தச் சூடு நிமிடக்கணக்கில் நீடிக்கும். புகைச் சூடு 700 டிகிரியைத் தாண்டி நின்றுகொண்டே இருந்தால் பிஸ்டனின் தலைக்கும் டர்போவின் இறக்கைகளுக்கும் ஆபத்து. ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய சக்திக்காகச் செய்தவை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் முறுக்கினால் எது பலவீனமோ அது முதலில் போகும்.

பிக்கப் குறைந்து கரும்புகை வந்தால் முதலில் வண்டிக்கு உரிய காற்று போகிறதா என்று பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப் ஓரத்தில் எண்ணெய் ஈரமும் அதில் ஒட்டிய புழுதியும் தெரிந்தால், அங்கே காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். குழாயில் லேசாகக் காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே திணறல்தான். இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு, புது டர்போவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்று, ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். பெங்களூரிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதி எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. இழுவையைக் கூட்டிய தைரியத்தில் லோடையும் கூட்டினால் பிரேக் டிரம் அதே பழைய டிரம்தான். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கோரிக்கை சிக்கலாவதற்கு அது ஒரு காரணமாகலாம். மலைப்பாதையே தொழில் என்றால், அடுத்த வண்டி வாங்கும்போது குதிரைத்திறனோடு கிரவுன் விகிதத்தையும், இறக்கத்தில் இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் விசாரித்து வாங்குங்கள்.