அச்சை உடைக்காத ஸ்தபதி

சுவாமிமலையில் அறுபது படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால், பக்கத்திலேயே ஸ்தபதிகளின் பட்டறை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால் சிலை. ஒரு அச்சுக்கு ஒரே சிலை.

எச்.ஐ.வி.யும் வார்ப்பு வேலைக்காரன்தான். ஆனால் கள்ள ஸ்தபதி! நம் ரத்தத்தில் காவலிருக்கும் சிடி4 செல்லுக்குள் புகுந்து, தன் அச்சை அதன் டி.என்.ஏ.வோடு ஒட்டிவிடும். பட்டறை நம்முடையது, லோகம் நம்முடையது, வெளியே வருவதெல்லாம் அதன் சிலை. பி.காம். பாஷையில் சொன்னால், முதல் நம்முடையது, லாபம் அவனுடையது. அச்சை மட்டும் அவன் உடைப்பதே இல்லை.

மாத்திரை வார்ப்பை நிறுத்தும், அச்சை அழிக்காது. அது சில செல்களில் தூங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தினமும், ஆயுசுக்கும் மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலை நீடித்தால், உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு.

இந்தியாவில் இது இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நம்ம மெட்ராஸ்தான். 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும். ரத்த மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் காய்கறியோடு குடிவைத்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார் அந்த மாணவி. அன்று இதற்கு மருந்தே கிடையாது. 2004 முதல் அரசே இலவசமாகத் தருகிறது.

அப்புறம் என்ன தயக்கம்? "கும்பகோணம் ஆஸ்பத்திரியில தெரிஞ்ச மூஞ்சி யாராவது பார்த்துட்டா?" அதுதானே! பல்வலிக்குப் போனாலே டீக்கடை வரை நியூஸ் வருகிற ஊர். ஆனால் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், விஷயம் ரகசியம். சம்மதமில்லாமல் சோதிக்கவோ, எச்.ஐ.வி. என்று வேலையைவிட்டு அனுப்பவோ 2017-ம் வருஷச் சட்டம் தடை போடுகிறது.

சந்தேகமான சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. அது தாண்டிவிட்டால் சோதனை. உடனே நெகட்டிவ் வந்தாலும் துள்ள வேண்டாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை.

தெரிஞ்ச மூஞ்சி எதிரில் வந்தால்? அவரும் எதுக்கோ வந்திருக்கிறார். வணக்கம் சொல்லிட்டு உள்ளே போங்க சார்.