நட்டத்தில் முதல் சேர்க்கலாமா?

நாளைய இலாபத்துக்காக இன்றைக்கு நட்டத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் நம் மத்தியில் அதிகம். எவ்வளவு காலத்துக்கு, யாருடைய செலவில் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. இதை ஆராய அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் நல்லதோர் உதாரணம் உண்டு.

2013இல் பிலடெல்பியா செவன்டி சிக்ஸர்ஸ் அணியின் பொது முகாமையாளராக சாம் ஹிங்கி பொறுப்பேற்றார். என்.பி.ஏ. போட்டிகளில் பின்தங்கும் அணிக்கே சிறந்த இளம் வீரரை முதலில் தெரிவுசெய்யும் வாய்ப்பு அதிகம். எனவே அவர் ஜுரூ ஹொலிடே போன்ற தேர்ந்த வீரர்களைக் கைமாற்றி, எதிர்காலத் தெரிவு உரிமைகளைச் சேகரித்தார். விளைவு, மூன்று பருவங்களில் 246 போட்டிகளில் 47 வெற்றிகள் மட்டுமே.

அவருடைய கொள்வனவுக் கண்ணை நான் குறை சொல்லமாட்டேன். பாதத்தில் காயம்பட்டிருந்த ஜோயல் எம்பீடை 2014இல் மூன்றாவது தெரிவாக எடுத்தார். அதே எம்பீட் 2023இல் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரரானார். பிறர் தயங்கிய சரக்கின் உண்மைப் பெறுமதியை அறிவது வியாபாரத் திறமைதான்.

ஆனால் கையிருப்பில் அவர் தவறினார் என்பதே என் தீர்ப்பு. 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நேர்லன்ஸ் நோயல், எம்பீட், ஜலீல் ஒகாபோர் என ஒரே இடத்தில் ஆடும் மூன்று உயரமான வீரர்களையே வாங்கினார். விற்றே ஆகவேண்டும் என்பது சந்தைக்குத் தெரிந்துவிட்டால் விலை விழும். 2017இல் நோயலும் ஒகாபோரும் சொற்பத்துக்கே கைமாறினர்.

அடுத்தது பொறுமையின் கணக்கு. இரண்டு பருவங்கள் ஆடாதிருந்த எம்பீட், 2016 ஒக்டோபரில்தான் முதன்முதலாகக் களமிறங்கினார். ஹிங்கியோ அதற்கு முன்பே, ஏப்ரலில் பதவி விலகிவிட்டார். முதலாளிமாரின் பொறுமை எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவருக்குப் பின் அணி முன்னேறியது உண்மை. எனினும் 2018 முதல் 2023 வரை ஐந்து தடவைகள் இரண்டாம் சுற்றுடனேயே வெளியேறியது.

நட்டத்தில் கடை நடத்தத் துணியும் சகோதரர்கள் மூன்று விடயங்களை முதலில் எழுதிவைக்கட்டும். எத்தனை மாதம் தாங்கலாம்? பங்காளி அதற்குச் சம்மதமா? அதுவரை வாடிக்கையாளருக்கு எதைக் கொடுக்கப்போகிறோம்? இவற்றுக்கு விடை இல்லாவிட்டால் அது முதலீடல்ல, வெறும் நட்டம்தான்.