நாணலுக்கும் ஆடிப்பட்டம்தான், தோழர்களே!

விவசாயத் தோழர்களே, டேனரித் தொழிலாளர்களே, வேலூர் லாங் பஜாரில் விடியுமுன் மூட்டை இறக்கும் சுமைப்பணித் தோழர்களே!

பாலாற்றைக் கெடுத்தது தோல் பதனிடும் டேனரிகள்தான் என்று இனி ஒருவரும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இழப்பீடு மட்டுமல்ல, கெட்ட மண்ணையும் நீரையும் சீர்படுத்தும் செலவும் கெடுத்தவர் தலையில்தான் என்றது. டேனரிப் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்ன கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 28 வருடம் கழித்து, 2025 ஜனவரி 30-ல், அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது: அரசே முதலில் இழப்பீட்டைக் கொடு, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்.

இழப்பீடு நம் உரிமை, வாங்குவோம். ஆனால் சீர்படுத்தும் பணத்தை எதில் போடுவது என்று நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். ஏரிக்கரையில் நடைபாதை, விளக்குக் கம்பம், செல்பி எடுக்க ஒரு வளைவு. தண்ணீர் மட்டும் அப்படியே நாறிக்கொண்டிருக்கும்.

நாம் கேட்பது நாணல் படுகை. ஊர்ச் சாக்கடை ஏரிக்குள் விழுவதற்கு முன்னால், வாய்க்காலோரத்து நிலத்தில் அதை மடக்க வேண்டும். முதலில் ஒரு தொட்டியில் கசடு படியட்டும். பிறகு இரண்டடி ஆழப் படுகை. அடியில் தண்ணீர் கிணற்றுக்கு இறங்காதபடி களிமண் மெத்தி, மேலே ஜல்லி நிரப்பி, நாணலும் சம்பங்கோரையும் கல்வாழையும் நடுவது. தண்ணீர் ஜல்லிக்கு உள்ளேயே சில நாள் ஊர்ந்து போகும். வேலையைச் செய்வது ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்தான். அழுக்கைத் தின்கின்றன, ஏரியில் ஆகாயத்தாமரையைக் கொழுக்க வைக்கும் தழைச்சத்தில் ஒரு பங்கைக் காற்றில் விட்டுவிடுகின்றன. தண்ணீர் மேலே தெரியாததால் கொசுவும் வராது. ஒரு ஆளின் கழிவுநீருக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் போதும். ஒரு ஏக்கர் இருந்தால் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் உள்ள ஊருக்குத் தாங்கும். பெங்களூரு ஜக்கூர் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் அங்கே செடிகள் நிறைந்த சதுப்பைத் தாண்டித்தான் ஏரிக்குள் நுழைகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், நாளைக்கு யாரும் நம் கோரிக்கையைத் திருப்பிப் பேசக்கூடாது. டேனரித் தண்ணீருக்கு நாணல் மருந்தல்ல! பச்சைத் தோலை உதறிப் போடும்போது காலடியில் கொட்டுகிற உப்பு எவ்வளவு என்று அங்கே வேலை செய்யும் தோழர்களுக்குத் தெரியும். அந்த உப்பை எந்த வேரும் தின்னாது. குரோமியம் மறைந்து போகாது, படுகையிலேயே தங்கி விஷமாய்ச் சேரும். ஆகவே ‘நீங்கள் நாணல் நடுங்கள், நாங்கள் கொஞ்சம் திறந்துவிடுகிறோம்’ என்று எந்த முதலாளி வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். ஆலைக் கழிவை ஆலைதான் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் ஆளைக் கொல்லாமல். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் செத்ததை மறந்துவிட்டோமா?

நிலம் எங்கே என்று கேட்பீர்கள். உவர் பூத்து, கோடையில் வெள்ளை வெளேரென்று கிடக்கிற நம் தரிசு இருக்கிறதே! நெல் கைவிட்ட மண்ணிலும் நாணல் வரும், ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் ஒரு சென்ட்டைக்கூட எழுதிக் கொடுக்காதீர்கள். கையகப்படுத்தல் என்ற பேச்சே வேண்டாம், பதிவு செய்த குத்தகை மட்டும்தான். குத்தகைப் பணம் கெடுத்தவர்களின் சீர்படுத்தும் நிதியிலிருந்து வரட்டும். படிவுத் தொட்டியும் கசடு அள்ளுவதும் உள்ளாட்சியின் பொறுப்பு. அள்ளாமல் விட்டால் ஜல்லி அடைத்துக்கொண்டு எல்லாம் பாழ். இதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மண்வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நாகநதிப் பக்கம் விசாரியுங்கள். அங்கே நீர்செறிவுக் கிணறுகளைக் கட்டி எழுப்பியது நூறு நாள் வேலைப் பெண்கள்தான்.

லாங் பஜார் வியாபாரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையாகச் சொல்லி விற்கிறோம். கிணறு உப்பானால் அந்தக் கத்தரிக்காய் எங்கிருந்து வரும்? அழுகிய காயும் மீன் கழுவிய தண்ணீரும் நம் கடைவாசல் சாக்கடையில்தானே இறங்குகின்றன? ஆலைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நாள் குறைவு. சித்திரைக்குள் நிலம் முடிவாக வேண்டும். வைகாசி, ஆனியில் மண்வேலை. ஆடியில் நட்டால்தான் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடிக்கும். தவறினால் ஒரு வருடம் போச்சு. வருகிற ஞாயிறு இரவு, கடை அடைத்ததும், லாங் பஜாரில் கூடுகிறோம். நிலம் உள்ளவர்கள் பட்டா, சிட்டா நகலோடு வாருங்கள். மற்றவர்கள் உங்கள் ஏரி வாய்க்காலிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். திங்கள் காலை அத்தனை பாட்டிலும் நம் மனுவோடு ஆட்சியர் மேசைக்குப் போகின்றன.