கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

கத்திரி வெயிலில் எங்கள் பழைய காரின் ஏசி மக்கர் செய்தது. காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் பானெட்டைத் திறந்து பார்த்த வேகத்திலேயே, "கம்ப்ரசர் போச்சு சார், முழுசா மாத்தணும், 26,000 ஆகும்" என்றார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை. என் பென்ஷனில் பெரும்பகுதி அது.

மறுநாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் பழைய மாணவனிடம் போனேன். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னான். கிளட்ச் பிடிக்கும் 'டக்' சத்தம் வரவில்லை. காயிலுக்குப் போகும் ஒயரில் 12 வோல்ட் வந்தது. இன்ஜினை நிறுத்தி, காயிலின் மின்தடையை அளந்தான். மூன்று, நான்கு ஓம் காட்ட வேண்டிய மீட்டர் அசையவே இல்லை.

"காயில் உள்ளே கம்பி அறுந்திருக்கு சார். கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு" என்று முன்தட்டைக் கையால் சுற்றிக் காட்டினான். இறுகாமல் சுழன்றது.

பெல்ட், தட்டு, லாக், புல்லி எல்லாம் கழற்றி, காயிலை மட்டும் மாற்றினான். புல்லி பேரிங்கையும் சுற்றிப் பார்த்தான். பேரிங் சூடானாலோ, தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடி வழுக்கினாலோ புதுக் காயிலும் எரிந்துவிடுமாம். அரை மில்லிமீட்டர் இடைவெளி வைத்து மூடினான். கேஸைத் தொடவே இல்லை. மொத்தம் 3,200 ரூபாய்.

"ஆணியில கம்பி சுத்தி நீங்க காட்டின மின்காந்தம்தானே சார் இது" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியதற்காக வகுப்பில் அவனை எழுப்பி, "நீ மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் லாயக்கு" என்று சொன்னவன் நான். அந்தத் தொழிலையும் அவனையும் சேர்த்து மட்டம் தட்டினேன். அந்த ஒர்க்‌ஷாப் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான்: சோதித்துப் பார்க்காமலே முழுசாக ஒதுக்கிவிடுவது.

என் கருத்து இதுதான். கம்ப்ரசர் உள்ளே இறுகி, உலோகத்தூள் உதிர்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அளந்துவிட்டுச் சொல்ல வேண்டும். இனி யாராவது 'முழுசா மாத்தணும்' என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: காயிலுக்குக் கரண்ட் வருகிறதா? எத்தனை ஓம் காட்டுகிறது? தட்டு கையால் சுற்றினால் சுழல்கிறதா? சில புதிய கார்களின் கம்ப்ரசரில் கிளட்சே இருக்காது. உங்கள் வண்டியில் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கும் இதேதான். ஒரு பாடத்தில் தடுமாறினான் என்று பிள்ளையையே கழித்துவிடாதீர்கள்.

ஷெட்டிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க சார், ஏசியைப் போட்டுப் பாருங்க" என்று சிரித்தான். ஜில்லென்று காற்று வந்தது.

அன்புடன்,
உங்கள் சார்